எனக்கு மூலம்

புதுச்சேரி
4-8-1958

அன்புள்ள அத்தானுக்கு அஞ்சலாட்சி எழுதுவது.

உங்கள் கார்டு வந்தது. மூன்று வரி. "குழந்தை சௌக்கியமா. எப்போது வருகிறாய். அம்மா கேட்கிறாள்." பெண் பிறந்திருக்கிறாள் என்று அப்பா தந்தி கொடுத்து ஐம்பது நாள் ஆகிறது. அந்தத் தந்திக்குப் பதில் இந்த மூன்று வரிதான் என்றால் நான் என்ன நினைப்பது? குழந்தை கறுப்பா சிவப்பா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லையா? பிலாயில் இரும்பை உருக்க ஆலை கட்டுகிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறேன். அங்கே போனால் மனிதர்கள் இரும்பாகிவிடுவார்கள் போலிருக்கிறது.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். எப்போது வருவேன் என்று சொல்ல வேண்டுமானால், ஏன் இன்னும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கை வரவில்லை. பி.ஏ. படித்தவளுக்கு ஒரு வார்த்தை எழுத இவ்வளவு கூச்சமா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

எனக்கு மூலம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே. அம்மாவுக்குத் தெரியும். சொன்னால் உங்கள் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று மறைத்துவிட்டோம். மறைத்தது தப்புதான். குழந்தை பிறந்த பிறகு அதன் கொடுமை அதிகமாகிவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை. அதற்குச் செய்ய வேண்டியதை இங்கேயே செய்து முடித்துவிட்டு வருகிறேன். நாற்பது நாள் ஆகும் என்கிறார்கள். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தையிடம் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

அஞ்சலாட்சி


பிலாய்
13-8-1958

அஞ்சலாட்சிக்கு,

பக்குவமாக எடுத்துச் சொல்ல எனக்கு வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது. உன் கடிதம் வந்தபோது நான் டிராயிங் ஆபீசில் இருந்தேன். அம்மா, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பலராமன் மனைவி தனக்கொடியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். நான் வீட்டுக்கு வரும்போது அம்மா தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். "மூல நச்சத்திரத்த எங்கூட்டுக்கு இட்டாந்து எந்தாலிய அறுத்துட்டாங்களே" என்று தெருவே கேட்க அழுதாள்.

நீங்கள் கொடுத்த ஜாதகத்தை எடுத்துப் பார்த்தேன். தனுசு ராசி, உத்திராடம் முதல் பாதம் என்று உன் அப்பா கைப்பட எழுதியிருக்கிறார். அதே ராசியில் இரண்டு நட்சத்திரம் தள்ளி எழுதினால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தீர்களா? மூலத்தில் பிறந்தவள் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று ஊர் அறியும். நீ வந்து எட்டாவது மாதம் அப்பா போய்விட்டார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நான் படித்தவன். ஆனால் மறைத்தீர்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. இப்போது நாற்பது நாள் பரிகாரம் செய்கிறாளாம்! செத்தவர் பரிகாரத்தில் எழுந்து வருவாரா? அம்மா உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள். வர வேண்டாம். நான் சொல்லும் வரை அங்கேயே இரு.

குழந்தையின் நட்சத்திரமாவது நிஜமா?

பாலகுரு


புதுச்சேரி
19-8-1958

திருவாளர் பாலகுரு அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். சிரித்தால் எனக்கு வலிக்கும். எங்கே வலிக்கும் என்று விளக்கமாகவே எழுதப் போகிறேன். தனக்கொடி அக்கா, நீங்கள்தான் இதையும் வாசிக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் உரக்க வாசியுங்கள். அத்தைக்குக் காது மந்தம்.

என் நட்சத்திரம் உத்திராடம். முதல் பாதம். என் அப்பா பொய் எழுதவில்லை. எனக்கு இருப்பது வானத்து மூலம் இல்லை. மலம் போகிற இடத்தில் வருகிற மூலம். ரத்தம் போகிறது. சதை வெளியே தள்ளுகிறது. உட்கார்ந்தால் மிளகாயை அரைத்து அப்பியதுபோல எரிகிறது. குழந்தைக்கு ஒருக்களித்துப் படுத்துத்தான் பால் கொடுக்கிறேன். நாற்பது நாள் என்று எழுதியது பரிகாரம் அல்ல, வைத்தியம். போதுமா, இன்னும் விளக்க வேண்டுமா?

இங்கே டாக்டர் ஏலேன் என்று ஓர் அம்மாள் இருக்கிறார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாரீசுக்குப் போய்ப் படித்தவர், காரைக்கால் தமிழ்க் குடும்பம். முதல் நாள் அவர் வீட்டு வராந்தாவில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே இருந்தேன். வெளியே வந்து பார்த்தார்.

"பெஞ்சு காலியாத்தானே கெடக்கு. ஏன் நிக்கிற?"

"பரவாயில்லீங்க டாக்டர்."

"ஓ. புரிஞ்சிடுச்சி. உள்ள வா."

நான் நின்றதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. என் கடிதத்தை நாலு முறை படித்தும் உங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று கேட்டார். இரண்டு டம்ளர் என்றேன். "புள்ள பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு சரிஞ்சிடுங்களே" என்றாள் அம்மா. "அப்ப பால் எதுலேருந்து வரும்? ஒங்க பேத்தி தண்ணியத்தாம்மா குடிக்கிறா" என்றார் அவர். பத்தியம் என்ற பெயரில் ஐம்பது நாளாக வைத்திக்குப்பத்துச் சுறாக் கருவாடும், பூண்டும், மிளகுக் குழம்பும் மட்டும். கீரை கொடுத்தால் குழந்தைக்கு வயிறு போகும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். உள்ளே போனது கல்லாகி, முக்கி முக்கி, நான் பட்டது எனக்குத்தான் தெரியும். இப்போது ஒரு கூஜாத் தண்ணீர் என் தலைமாட்டிலேயே இருக்கிறது. தினம் கீரை, வாழைத்தண்டு, இரண்டு வேளை இளஞ்சூட்டு வெந்நீரில் உட்காருவது, முக்கக் கூடாது, ஒரே இடத்தில் உட்கார்ந்து கிடக்கக் கூடாது. இதுதான் நான் செய்யும் ஹோமம்.

பிறகு அவர் கேட்டார்: "வரும்போது ஒடனே போவியா, அடக்குவியா?" கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்லூரி விடுதியில் அறுபது பெண்களுக்கு நாலு கக்கூஸ். அங்கே பழகியது அடக்குவதற்கு. அதன் பிறகு, நீங்கள் பிலாய்க்குப் போவதற்கு முன், விழுப்புரத்தில் உங்கள் வீடு. கொல்லைக் கதவை ஒட்டி நாற்காலி போட்டு மாமா பொழுதெல்லாம் உட்கார்ந்திருப்பார். புது மருமகள் கையில் செம்போடு மாமனாரைத் தாண்டி எப்படிப் போவாள்? அவர் படுக்கப் போகும் வரை அடக்கிக்கொண்டிருப்பேன். எட்டு மாதம். நான் வந்ததால் அவருக்குக் கெடுதல் வந்தது என்கிறீர்கள். எனக்கு வந்ததை யாரிடம் போய்ச் சொல்வது?

மறைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், மறைத்தேன். இரண்டாம் மாதத்திலிருந்து உங்கள் வேட்டியைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அத்தை கண்ணில் படுவதற்கு முன் கறை போகக் கசக்கியவள் நான்தான். பேப்பரோடு உள்ளே போய் முக்கால் மணி நேரம் கழித்து வெளுத்த முகத்தோடு வருவீர்களே, அது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். மூலத்தை மறைத்து மாப்பிள்ளை கொடுத்துவிட்டார்கள் என்று என் வீட்டில் யாரும் மாரில் அடித்துக்கொள்ளவில்லை.

குழந்தையின் நட்சத்திரம் சதயம். பெயர் சாந்தி. நீங்கள் கேட்கவில்லை, நானே வைத்துவிட்டேன். நட்சத்திர சாந்தி என்று அத்தை நினைத்துக்கொண்டாலும் சரி.

அஞ்சலாட்சி


பிலாய்
27-8-1958

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு,

நல்லவேளை, இந்தத் தபாலை நானே வாங்கினேன். நடந்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீயும் கொஞ்சம் தெளிவாக எழுதியிருக்கலாம். "அதற்குச் செய்ய வேண்டியது" என்றால் யார்தான் என்ன நினைப்பார்கள்?

வேட்டி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை. "நச்சத்திரத்த மறைக்க இப்ப ஒரு நோவ சோடிச்சிட்டா. படிச்சவளாச்சே, சொல்லவா வேணும்" என்கிறாள். ஒன்று செய். அந்த டாக்டரம்மாவிடம் உனக்கு இன்ன வியாதி என்று ஒரு சீட்டு எழுதி வாங்கி அனுப்பு. முத்திரையோடு இருந்தால் நல்லது. அதைக் காட்டி அம்மாவைச் சமாதானப்படுத்திவிடுவேன். உன் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்.

வேட்டி பற்றியெல்லாம் கடிதத்தில் எழுதுவது நாகரிகம் இல்லை. எனக்கு இருப்பது வெறும் சூடு. இங்கே அடிக்கிற வெயில் அப்படி. டிராயிங் போர்டு முன்னால் எட்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்தால் யாருக்கும் வரும்.

சாந்தி என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. யார் ஜாடை?

பாலகுரு


புதுச்சேரி
3-9-1958

அத்தானுக்கு,

விழுப்புரத்தில் கறைபட்ட வேட்டிக்குப் பிலாய் வெயில் எப்படிக் காரணம்? இஞ்சினீயரிங் படித்தவர் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

சீட்டு கேட்டீர்கள். போய்க் கேட்டேன். டாக்டர் ஏலேனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கு? ஆபீசுக்கா, லீவுக்கா?"

"மாமியாருக்குங்க."

"மாமியாருக்கா! அவங்க இன்னா கவர்னரா?" என்று கேட்டுக்கொண்டே எழுதிக் கொடுத்தார். பிரெஞ்சில். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. கீழே பெரிய ரப்பர் ஸ்டாம்பு வேறு. பிலாயில் இதை யார் படிப்பார்கள்? தனக்கொடி அக்காவா?

ஆனாலும் உறையில் போட்டு முகவரியும் எழுதிவிட்டேன். ஒட்டுவதற்கு நாக்கில் வைத்தபோதுதான் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. ரத்தம் போகிறது என்று நான் சொன்னால் போதாது, முத்திரை வேண்டும். நீங்கள் சூடு என்றால் மட்டும் சூடு. உங்களை யாரும் சீட்டுக் கேட்க மாட்டார்கள். உறையைக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த வராந்தாவில் ஏழு பெண்கள் இருந்தார்கள். பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் விற்க வருகிற பூவாயி என்ற பெண் என்னைப் போலவே நின்றுகொண்டிருந்தாள். என்ன உடம்புக்கு என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, கீழ கொஞ்சம் எரிச்ச" என்றாள். "மூலமா? எனக்கும் மூலந்தான்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்னதும் காது மடல் எரிந்தது. ஆனால் பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்து, "உனக்குமாம்மா?" என்றார்கள். ஒருத்திக்குப் பதினான்கு வருஷம். பதினான்கு வருஷமும் அவள் புருஷனுக்குத் தெரியாதாம்.

நான் வரவேண்டுமானால் ஒன்று நடக்க வேண்டும். உங்களுக்கு என்ன என்று உங்கள் அம்மாவிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சூடு என்று அல்ல. நான் நோவைச் சோடித்தேனா இல்லையா என்று அவர் பெற்ற பிள்ளையை வைத்தே தெரிந்துகொள்ளட்டும். அதைச் செய்ய முடியாது என்றால் நீங்கள் சொன்னதுபோல நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள். நின்றுகொண்டே பாடம் நடத்துவது எனக்குச் சௌகரியம்.

அஞ்சலாட்சி

சாந்தி உங்கள் ஜாடை. என்ன செய்வது.


பிலாய்
15-9-1958

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு,

சொல்லிவிட்டேன். ஐந்து நாள் தள்ளிப் போட்டு, நேற்று சாப்பிடும்போது சொன்னேன். அம்மா மோர்மிளகாயைத் தட்டில் வைத்தாள். வேண்டாம் என்று எடுத்து வெளியே வைத்தேன்.

"ஏண்டா, ஒனக்குப் புடிக்குமே."

"காரம் ஆவாதும்மா. எனக்கு மூலம்."

"ஒனக்கு அஸ்தம்டா. நான் பெத்த புள்ள நச்சத்திரம் எனக்குத் தெரியாதா?"

"நச்சத்திரம் இல்லம்மா. நோவு. ரத்தம் போவுது. நாலு வருசமா."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். திட்டுவாள், பெண்டாட்டி சொல்லிக் கொடுத்தாளா என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள். "மேல்மூச்சு வாங்குதாடா? மாடி ஏறுனா நெஞ்சு அடிச்சிக்குதா?" என்று கேட்டாள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அப்புறம்தான் அஞ்சலாட்சி, சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒங்கப்பனும் சூடுன்னுதான்டா சொன்னாரு. ஆறு வருசம். வெளுத்துப் போயி, காலு வீங்கி, நாலு எட்டு வெச்சா நின்னு நின்னு நடந்தாரு. டாக்டராண்ட போலாம்யான்னா, அங்க போயி வேட்டிய அவுக்கணுமா, அதுக்கு செத்துப் போலாம்னாரு. ஆருகிட்டியும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. கொல்லக் கதவாண்ட நாற்காலியப் போட்டுக்கினு ஏன் குந்தியிருந்தாருன்னு நெனச்ச? காத்து வாங்கவா? நெனச்சப்ப எழுந்து போவணும்னு. மருமவ வந்தப்புறம் அவ எதிர்ல எத்தினிவாட்டி எழுந்து போறதுன்னு அதையும் அடக்கிக்கினு குந்தியிருந்தாரு."

"அப்ப அவள ஏம்மா பழிச்ச?"

"நச்சத்திரம்னு ஒண்ணு கெடச்சிச்சி. புடிச்சிக்கினேன். இல்லன்னா, இட்டுக்கினு போவாம வுட்டவ நானில்ல?" என்றாள். சாதத்தை நான் பிசைந்தபடியே வைத்திருந்தேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

வா, அஞ்சலாட்சி. அம்மாவே உன்னை வரச் சொல்கிறாள். எந்த வண்டி என்று எழுது. துர்க் ஸ்டேஷனுக்கு வந்து காத்திருக்கிறேன்.

பாலகுரு


புதுச்சேரி
21-9-1958

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாமாவுக்காக அழுதேன். அவர் செத்த அன்று இவ்வளவு அழவில்லை. எட்டு மாதம் ஒரே கதவுக்காக இரண்டு பேரும் காத்திருந்திருக்கிறோம். அவர் எழுந்து போகட்டும் என்று நான், நான் அடுப்படிக்குப் போகட்டும் என்று அவர். அவரை அங்கே உட்கார்ந்து வேவு பார்க்கிறவர் என்று என் அம்மாவிடம் திட்டியிருக்கிறேன்.

அழுகை நின்றதும் கோபம்தான் வந்தது. அத்தைமேல் இல்லை, சத்தியம் வாங்கியவர்மேல், அவர் வழியிலேயே போகிற உங்கள்மேல். நாலு வருஷமாக ரத்தம் என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் எந்த வண்டி என்று கேட்கிறீர்களே, உங்களை என்ன செய்தால் தகும்? உங்களுக்கு இருபத்தொன்பது வயது. நீங்கள் வெளுத்துப் போய் நாற்காலி தேடும் நாளில் எனக்கு உத்திராடம் என்று எழுதி நெற்றியில் ஒட்டிக்கொள்வதா?

டாக்டர் ஏலேனிடம் கேட்டேன். ரத்தம் வந்தால் எல்லாம் மூலம் என்று தானே முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது, வேறு எதுவாகவும் இருக்கலாம், டாக்டர் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும், மாமாவுக்கு என்ன இருந்தது என்றே இனி யாருக்கும் தெரியாது என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்குத் தூக்கம் இல்லாமல் செய்கிறது.

டாக்டரிடம் போங்கள். வேட்டியை அவிழ்க்கச் சொன்னால் அவிழுங்கள். ஆறு ஆண்களும் பெண்களும் சூழ்ந்து நிற்க நான் பிள்ளை பெற்றிருக்கிறேன். உங்கள் மானம் என்னுடையதைவிடப் பெரியதில்லை. அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அது வரும் வரை நானும் வரமாட்டேன், சாந்தியும் வரமாட்டாள்.

அஞ்சலாட்சி


பிலாய்
1-10-1958

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு,

போனேன். அம்மாவும் கூட வந்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. வங்காளி டாக்டர், வயதானவர். கையுறை போட்டுக்கொண்டு விரலை விட்டுப் பார்த்தார். வலியைவிட, வெளியே பெஞ்சில் அம்மா "இன்னாடா சொல்றாரு, இன்னாடா சொல்றாரு" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்ததுதான் தாங்க முடியவில்லை.

மூலம்தான். வேறு எதுவும் இல்லை. குழாய் வைத்தும் பார்த்துவிட்டார். ரத்தம் குறைந்திருக்கிறது, அதற்கு மாத்திரை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உள்ளே எவ்வளவு நேரம் உட்காருவாய் என்றார். முக்கால் மணி. அவ்வளவு நேரம் என்ன செய்வாய்? பேப்பர் படிப்பேன். "உள்ளே உட்கார்ந்து படிக்கிற பேப்பரை வெளியே உட்கார்ந்து படி, பாதி குணமாகிவிடும்" என்றார். ஆபீசில் மணிக்கொரு தரம் எழுந்து நடக்கிறேன். அம்மா மார்க்கெட்டில் இந்திக்காரியிடம் கையால் ஜாடை காட்டிக் கீரை வாங்குகிறாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினேன். நன்றாக வரவில்லை. அடித்துவிட்டேன். நேரில் கேட்கிறேன்.

பாலகுரு


புதுச்சேரி
8-10-1958

அன்புள்ள அத்தானுக்கு,

வேறு எதுவும் இல்லை என்ற வரியை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

பதினாறாம் தேதி வியாழன் சென்னையில் கிராண்ட் டிரங்க் ஏறுகிறோம். அப்பா நாகபுரி வழியாகத் துர்க் வரை கொண்டுவந்து விடுகிறார். டாக்டர் ஏலேன் போகலாம் என்று சொல்லிவிட்டார். ரத்தம் நின்று பதினெட்டு நாள் ஆகிறது. வண்டியில் உட்கார முடியாதபோது நின்றுகொள்வேன். ஏன் நிற்கிறாய் என்று கேட்பவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிடுவேன்.

அத்தையிடம் இதை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், எதையும் விடாமல். அவரைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அவர் மாரில் அடித்துக்கொண்டு என்னைச் சொன்னதும் மறக்கவில்லை. "வர வேண்டாம்" என்று நீங்கள் எழுதிய கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்து ஸ்டேஷனுக்கு வராதீர்கள். ஒரு கையில் குழந்தையும் உடம்பு முழுக்கக் கோபமுமாகத்தான் இறங்குவேன். குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதை வீட்டுக்குப் போய், மூன்று பேரும் சேர்ந்து பேசலாம்.

அஞ்சலாட்சி